வரைகலை இல்லாத் திரையில் தமிழ்: கரிசல் வட்டார மாணவர் கணினிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயக்குதளம் கொண்ட கணினியை வரைகலைப் பணிச்சூழல் இல்லாமல் உரைத்திரையில் மட்டும் தொடங்க இயலும். அவ்வாறு தொடங்கிய கணினியில் தமிழ் தெரிவதில்லை. கட்டங்களோ வினாக்குறிகளோ தோன்றுகின்றன. இந்நிலை தமிழ் எழுத்தின் இயல்பால் நேர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தட்டச்சுப் பொறி, 1980களின் ஜிஸ்ட் அட்டை, எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள், ஒருங்குறி ஆகியவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கி, இது எழுத்தின் குறையன்று, குறியேற்றத்தையும் அதனை வரையும் பொறியையும் வெவ்வேறு இடங்களில் வைத்த ஒரு வரலாற்று முடிவின் விளைவு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கோவில்பட்டியை மையமாகக் கொண்ட கரிசல் வட்டாரத்திற்கு அரசுத் திட்டங்களின்வழி வந்த லினக்ஸ் கணினிகள் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உரைத்திரை, லினக்ஸ், ஜிஸ்ட் அட்டை, இஸ்கி, ஒருங்குறி, பாஸ் லினக்ஸ், கரிசல் வட்டாரம்.

முன்னுரை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களையும் உள்ளடக்கிய பகுதி தமிழிலக்கிய ஆய்வில் 'கரிசல்' என்னும் பெயரால் நிலைபெற்றுவிட்டது. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இந்நிலத்தின் பேச்சுமொழியைக் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யாக வெளியிட்டார். அகராதி, புனைகதை, நாட்டார் வழக்காறு என இவ்வட்டாரம் பற்றிய ஆய்வுகள் மிகப்பல. இங்குள்ள பள்ளிகளுக்கும் மாணவர் இல்லங்களுக்கும் கணினி வந்த வரலாறும், வந்த கணினி எம்மொழியில் பேசியது என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் வழங்கப்பட்ட இக்கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயக்குதளங்கள் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியே காணாத பல மானாவாரிக் குடும்பங்களுக்குள் லினக்ஸ் நுழைந்தது இவ்வழியேதான். பாஸ் லினக்ஸின் வரைகலைப் பணிச்சூழல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. பட்டிகள், கோப்புறைகள், எச்சரிக்கைகள் ஆகியவற்றைத் தமிழில் வாசிக்கலாம். எனினும் அப்பணிச்சூழல் எழாத நேரத்தில் அதே கணினி தமிழை முற்றிலும் மறந்துவிடுகிறது. இம்மறதிக்கு ஒரு வரலாறு உண்டு.

உரைத்திரையும் அதன் மரபும்

லினக்ஸ் கணினி உயிர்பெறும் முறையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மின்விசையை அழுத்தியதும் தாய்ப்பலகையின் நிலைநிரல் இயங்கி, 'கிரப்' எனப்படும் தொடக்க ஏற்றியை அழைக்கிறது. அது கெர்னல் எனப்படும் கருநிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கருநிரல் முதற்செயலியைத் தொடங்கிவைக்க, அச்செயலி ஏனைய பணிகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இவ்வரிசையில் ஏறத்தாழ இறுதியாக வருவதே வரைகலைத் திரை. அதனை நீக்கிவிட்டாலும் கணினி முழுமையான கணினியே. கோப்புகளைப் படிக்கும், வலையில் இணையும், நிரல்களை ஓட்டும். இல்லாமற்போவது சாளரங்களும் சுட்டியும் மட்டுமே.

யூனிக்ஸ் சிஸ்டம் 5 மரபைப் பின்பற்றிய வழங்கல்களில் இத்தேர்வு 'இயங்குநிலை' எண்களால் குறிக்கப்பட்டது. ரெட் ஹேட், சூசே ஆகியவற்றில் மூன்றாம் நிலை பலர் பயன்படுத்தும் உரைத்திரை. ஐந்தாம் நிலை வரைகலைத் திரை. 'இனிட்டாப்' என்னும் கோப்பில் 5 என்றிருப்பதை 3 என்று மாற்றினால் அடுத்த முறை கணினி உரைத்திரையில் நின்றுவிடும். டெபியன் மரபு வேறு. அங்கு இரண்டு முதல் ஐந்து வரையிலான நிலைகள் இயல்பாக ஒன்றே; எனவே எண்ணை மாற்றிப் பயனில்லை, நுழைவுத்திரையைக் காட்டும் பணியையே தொடங்காதவாறு தடுக்க வேண்டும். 2010இல் வெளியான 'சிஸ்டம்டி' எண்களுக்குப் பகரமாகப் பெயர்களைக் கொணர்ந்தது. 'மல்டி-யூசர் டார்கெட்' என்பது உரைத்திரை. 'கிராஃபிகல் டார்கெட்' என்பது வரைகலைத் திரை. இவற்றுள் ஒன்றை இயல்பிருப்பாக அமைக்க ஒற்றைக் கட்டளை போதும். ஒரே ஒரு முறை மட்டும் உரைத்திரை வேண்டுமாயின், கிரப் பட்டியல் தோன்றும்போது கருநிரல் வரியின் இறுதியில் 3 என்னும் எண்ணைச் சேர்த்துத் தொடங்கலாம். புதிய முறையும் இப்பழைய எண்ணைப் புரிந்துகொள்கிறது. டெபியன் தன் எட்டாம் பதிப்பிலிருந்து, அதாவது 2015 ஏப்ரல் முதல், சிஸ்டம்டியை இயல்பிருப்பாக ஏற்றது.

உரைத்திரையை விரும்பித் தேர்வோர் ஒருபுறம். வரைகலைச் சூழல் சில நூறு மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்வதால் பழைய கணினிகளில் அதனை நீக்கிவிடுவோர் உண்டு. வழங்கிகள் பெரும்பாலும் அது இல்லாமலே இயங்குகின்றன. விரும்பாமல் உரைத்திரைக்குத் தள்ளப்படுவோர் மறுபுறம். வட்டு நிரம்பிவிட்டால் நுழைவுத்திரை எழாமற்போகலாம். மின்சாரம் திடீரென நின்று கோப்பமைப்பு பழுதுற்றால், கணினி வரைகலைத் திரைக்குச் செல்லாமல் உரைத்திரையிலேயே நின்று, பராமரிப்புக்காகக் கடவுச்சொல்லைக் கேட்கும். 2011, 2012ஆம் ஆண்டுகளில் தமிழகத்தின் மாவட்டங்கள் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டைச் சந்தித்தன. மின்கல ஆதரவு இல்லாத பள்ளி ஆய்வகக் கணினிக்கு அக்காலத்தில் உரைத்திரை என்பது தேர்வன்று, மின்வெட்டின் பின்விளைவு. பழுது நேர்ந்த அந்நேரத்தில்தான் பயனர்க்குக் கணினி கூறுவது விளங்கவேண்டும். அந்நேரத்தில்தான் அது ஆங்கிலம் மட்டுமே பேசுகிறது.

உரைத்திரையின் வடிவம் எங்கிருந்து வந்தது? லினக்ஸில் ஒவ்வோர் உரைத்திரையும் இன்றளவும் 'டிடிஒய்' என்றே பெயர்பெறுகிறது. டெலிடைப் எனப்படும் தொலைத்தட்டச்சுப் பொறியின் சுருக்கம் அது. 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸிற்குக் கண்ணும் வாயுமாக இருந்தது தொலைத்தட்டச்சுப் பொறியே. 1978இல் வந்த வி.டி. 100 போன்ற காணொளி முனையங்கள் தாளை நீக்கித் திரையை வைத்தன. ஆயினும் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரே அகலம் என்னும் விதி மாறவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. உரைமுறையில் வரிக்கு 80 கட்டங்கள், திரைக்கு 25 வரிகள். ஒரு கட்டத்தின் அளவு அகலத்தில் 9 புள்ளிகள், உயரத்தில் 16 புள்ளிகள். ஒரே நேரத்தில் திரையில் காட்டத்தக்க வடிவங்கள் 256. இரண்டு எழுத்துருக்களை இணைத்தால் 512. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இவ்வெல்லையைத் தன் உரைத்திரையின் எல்லையாக ஏற்றது. ஆக, உரைத்திரை என்பது தட்டச்சுப் பொறியின் வழித்தோன்றல். இதனை மனத்திற்கொண்டால் அடுத்த வினா தானே எழும்: தமிழ்த் தட்டச்சுப் பொறி இருந்தபோது தமிழ் உரைத்திரை ஏன் இல்லை?

சீரகலக் கட்டத்தில் தமிழ்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் மலாயாவில் வாழ்ந்தவருமான ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்கியதே அவ்வடிவமைப்பின் திறன். புள்ளி போன்ற குறிகள் நகராவிசைகளாக அமைந்தன. அவற்றை அழுத்தினால் தாளுருளை நகராது, புள்ளி பதிந்தபின் மெய் அதன்கீழ் வந்து பதியும். 'கொ' என்னும் எழுத்துக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அழுத்தப்பட்டன. ணகரமும் ரகரமும் ஒரே அகலத்தில் நின்றன. அழகு குறைந்ததே தவிர வாசிப்புக்குத் தடை நேரவில்லை. அரசாணைகளும் நீதிமன்றப் படிகளும் இவ்வாறே பல்லாண்டுகள் எழுதப்பட்டன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் பயிலகங்கள் கோவில்பட்டி போன்ற வட்டத் தலைநகரங்களில் வேலைவாய்ப்பின் வாயிலாக விளங்கின. சீரகலக் கட்டத்தில் தமிழ் அமையாது என்னும் கூற்றை மறுக்க அத்தட்டச்சுத் தாள்களே போதிய சான்று.

எழுத்துச் சீர்திருத்தமும் இவ்விடத்தில் கருதத்தக்கது. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா வரிசையில் ஒன்பதும் ணை, லை, ளை, னை ஆகிய நான்குமாகப் பதின்மூன்று எழுத்துகள் தனி வடிவம் இழந்து பொது வடிவம் பெற்றன. இச்சீர்திருத்தம் பெரும்பாலும் அச்சையும் எழுத்தறிவையும் முன்வைத்தே பேசப்படுகிறது. வடிவங்களை எண்ணிக் கணக்கிட வேண்டிய கணினித் திரைக்கும் அது பயன் தந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அக்கணக்கு பின்னர் வரும்.

ஜிஸ்ட் அட்டை

இந்திய எழுத்துகளை உரைத்திரையில் காட்டும் முயற்சி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. ஆர்.எம்.கே. சின்கா, மோகன் தாம்பே ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். 1988இல் நிறுவப்பட்ட சீ-டாக் இதனைத் தொடர்ந்து வளர்த்து 'ஜிஸ்ட்' என்னும் பெயரில் பரப்பியது. ஜிஸ்ட் அட்டை என்பது கணினியின் உள்ளே செருகப்படும் வன்பொருள். டாஸ் இயக்குதளத்தில் ஓடிய உரைமுறைச் செயலிகளை மாற்றியமைக்காமலே அவற்றில் தேவநாகரி, தமிழ், தெலுங்கு முதலிய எழுத்துகளை உள்ளிடவும் காணவும் அது வழிசெய்தது. யூனிக்ஸ் கணினிகளுடன் இணைக்கத்தக்க ஜிஸ்ட் முனையங்களும் இருந்தன.

இதன் உட்கூறு இரண்டு. முதலாவது 'இஸ்கி' குறியேற்றம். இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே ஒலியடிப்படை அடுக்கு. தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய இடங்கள் தமிழுக்கு வெற்றிடமாக விடப்படும். 'கொ' என்பது ககரம், அதனையடுத்து ஒகரக்குறி என ஒலி வரிசையில் சேமிக்கப்படும். இந்தியத் தரநிலைகள் வாரியம் இதனை 1991இல் தரநிலையாக்கியது. இரண்டாவது, அவ்வொலி வரிசையை எழுத்து வரிசையாக மாற்றி வரையும் அட்டை. ஒகரக்குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு வரைவது அதன் பணி. குறியேற்றம் எளிமையாக இருந்ததற்குக் காரணம் சிக்கலை அட்டை ஏற்றுக்கொண்டதே. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொண்டால் என்ன நேரும் என்பதே பின்வந்த வரலாறு.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு இந்திய மொழிகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி அடுக்கை அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே இன்றும் காணப்படும் மூன்று வெற்றிடங்கள் அந்த அடுக்கின் தழும்பு. குறியேற்றம் உலகத் தரநிலைக்குள் நுழைந்தது. அதனை வரையும் அட்டைக்குரிய இடத்தை யார் நிரப்புவது என்னும் வினா இயக்குதளங்களிடம் விடப்பட்டது. அவ்வாண்டுகளில் உலகம் வரைகலைத் திரையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ யூனிக்ஸ் உலகின் பொதுத் திரையாகியிருந்தது. விண்டோஸ் வீட்டுக் கணினிகளைப் பற்றிக்கொண்டது. எனவே எழுத்தை வரையும் பொறி வரைகலை அடுக்கிலேயே கட்டப்பட்டது. லினக்ஸில் பேங்கோ, கியூடி, பின்னர் ஹார்ஃப்பஸ் ஆகியன அவ்வாறு தோன்றியவை. உரைத்திரைக்கு உள்ளே அத்தகைய பொறி எதுவும் வைக்கப்படவில்லை.

எட்டுத்துணுக்கு இடைவெளி

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழர்கள் வேறொரு வழியில் சென்றனர். மின்னஞ்சல் குழுக்களில் நிகழ்ந்த நீண்ட விவாதங்களின் விளைவாக 1990களின் இறுதியில் உருவான திஸ்கி, கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோரின் உழைப்பால் நிலைபெற்றது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நிகழ்ந்த தமிழ்நெட்99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு டேப், டேம் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை அனைத்தும் ஒலியை அன்றி வடிவத்தையே குறித்தன. ஆங்கிலம் கீழ்ப்பாதியிலும் தமிழ் வடிவங்கள் மேற்பாதியிலும் அமைந்த திஸ்கியில் 'கொ' என்பது தட்டச்சில் போலவே கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் சேமிக்கப்பட்டது.

உரைத்திரையின் நோக்கில் இது குறிப்பிடத்தக்கது. 256 வடிவங்களே காட்டவல்ல திரைக்கு 256 இடங்கள் கொண்ட, வரிசை மாற்றம் வேண்டாத குறியேற்றம் மிகப் பொருந்துவது. லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியில் திஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் நிரல் 2002இல் எழுதிச் சேர்க்கப்பட்டது. எழுதியவர் ஜெர்மானியரான புரூனோ ஐபுள். ஆகவே திஸ்கி லினக்ஸுக்கு அயலானதன்று. ஆயினும் தமிழ்க் கணிமை வரைகலைச் சாளரங்களிலேயே வளர்ந்தது.

இதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. கரிசல் வட்டாரத்தை அடுத்த சிவகாசியை எடுத்துக்கொள்ளலாம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய மூன்றும் தீப்பெட்டித் தொழிலால் பிணைந்தவை. தீப்பெட்டிச் சிட்டை, நாட்காட்டி, திருமண அழைப்பிதழ் என அச்சுத் தொழில் அங்குப் பெருகியது. அத்தொழிலுக்குத் தமிழ் எழுத்து ஓர் உருவம். தாளில் அழகாக விழவேண்டும், அவ்வளவே. 1990களில் மேசைப் பதிப்பு வந்தபோது அது விரும்பியது பல நூறு எழுத்துருக்களையும் அவற்றைக் காட்டும் வரைகலைத் திரையையும்தான். தேடவோ வரிசைப்படுத்தவோ கட்டளையிடவோ தமிழ் வேண்டும் என்னும் தேவை அச்சகத்தில் எழவில்லை. தமிழ்க் கணிமைக்குப் பணம் செலவிட்ட முதல் வாடிக்கையாளர்களுள் அச்சகமும் இதழ்களும் முதன்மையானவை. உரைத்திரைத் தமிழுக்கு வாடிக்கையாளர் இல்லை.

இரண்டு ஆவணங்கள்

இந்நிலை லினக்ஸின் உள்ளே எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது டெபியனின் நிறுவி. பாஸ் லினக்ஸின் தாய் வழங்கல் டெபியன். 2007 ஏப்ரலில் வெளியான அதன் நான்காம் பதிப்பில் வரைகலை நிறுவி முதன்முறையாக இடம்பெற்றது. அதுவரை உரைத்திரை நிறுவியே இருந்தது. உரை நிறுவியின் மொழிப்பட்டியலில் தமிழ் இல்லை. வரைகலை நிறுவியைத் தேர்ந்தால் மட்டுமே தமிழ் வரும். மொழிபெயர்ப்பாளர் ஆக்கித் தந்த தமிழ்ச் சரங்கள் இரண்டிற்கும் பொதுவானவைதாம். சொல் இருந்தது, காட்டும் வழி இல்லை.

இரண்டாவது சான்று இன்னும் கூர்மையானது. ரெட் ஹேட், பெடோரா வழங்கல்களில் பயனர் நுழைந்ததும் ஓடும் மொழியமைப்பு நிரல் ஒன்று உண்டு. பயனர் இருப்பது உரைத்திரையாயின் அவர் தேர்ந்த மொழி எது என அது சோதிக்கிறது. சப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள். இந்திய மொழிகளுக்கு ஒற்றை வரி: நாட்டுக்குறி இந்தியா என்றிருப்பின், மொழி எதுவாயினும், அமெரிக்க ஆங்கிலமாக மாற்றுக. இந்திய ஆங்கிலத்திற்கு மட்டும் விலக்கு. இதனை எழுதியவரிடம் தீய நோக்கம் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. கட்டங்களைக் காட்டுவதைவிட ஆங்கிலத்தைக் காட்டுவது மேல் என்பது நடைமுறை அறிவு. எனினும் எழுத்தியல்பால் வேறுபட்ட இந்திய மொழிகள் அனைத்தும் ஒரு நாட்டுக்குறியின்கீழ் ஒரே வரியில் விலக்கப்பட்டன என்பது கருதற்குரியது. இஸ்கி எந்த ஒருமையை இம்மொழிகளுக்கு அளித்ததோ அதே ஒருமை இங்கு வேறு உருவில் திரும்பி வந்தது.

கணக்கு

'கோவில்பட்டி' என்னும் சொல்லில் எழுத்துகள் ஆறு: கோ, வி, ல், ப, ட், டி. ஒருங்குறியில் இது பதினொரு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. லினக்ஸ் உரைத்திரை நெடுங்காலம் குறிக்கொரு கட்டம் என்றே கணக்கிட்டது. எனவே ஆறெழுத்து ஊர்ப்பெயர் பதினொரு வெற்றுக் கட்டங்களாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் இதே சொல் ஆறு குறிகளே.

512 வடிவ எல்லைக்குள் தமிழ் அடங்குமா? முழு எழுத்துகளாக எண்ணினால் 247; ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்தின் மெய்யும் உயிர்மெய்யும் 65; ஸ்ரீ ஒன்று; மொத்தம் 313. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் 95. கூட்டினால் 408. எண்ணிக்கையில் அடங்குகிறது. ஆனால் ஒன்பது புள்ளி அகலத்தில் 'கோ' போன்ற எழுத்து அடங்காது. சப்பானியத்திற்குச் செய்வதுபோல் எழுத்துக்கு இரண்டு கட்டங்கள் அளித்தால் வடிவங்கள் 626 ஆகி எல்லையைத் தாண்டும்.

தட்டச்சுப் பொறியின் வழியில் உறுப்புகளாகப் பிரித்தால் கணக்கு மாறுகிறது. உயிரும் ஆய்தமும் 13, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, தனித்து நிற்கும் கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி 4, ஆக 125. கிரந்த எழுத்துகளுக்கு அகரம் 5, மெய் 5, இகர ஈகாரம் 10, உகர ஊகாரக் குறிகள் 2, ஸ்ரீ 1, ஆக 23. இரண்டும் சேர்ந்து 148. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டங்கள் அளித்தாலும் 296; ஆங்கிலத்தின் 95ஐச் சேர்த்தால் 391. எல்லைக்கு உள்ளேயே அடங்குவதோடு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் எஞ்சுகின்றன. 1978இன் சீர்திருத்தம் இல்லாதிருப்பின் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் நான்கு ஐகார எழுத்துகளுக்கும் மேலும் ஏழு உறுப்புகள் வேண்டியிருக்கும். 512 வடிவங்களைக் கொண்டால் உரைத்திரையின் எழுத்து நிறங்கள் பதினாறிலிருந்து எட்டாகக் குறையும் என்பது இதற்குரிய விலை.

ஆகவே தடையாக இருப்பது எழுத்தின் தொகையன்று. ஒருங்குறியின் ஒலி வரிசையை உறுப்பு வரிசையாக மாற்றும் ஒரு சிறு பொறி கருநிரலுக்கும் திரைக்கும் இடையே இல்லை என்பதே தடை. ஜிஸ்ட் அட்டை நின்ற இடம் அதுதான். அவ்விடத்தைக் கருநிரலுக்கு வெளியே நிரப்ப முயன்றோர் உண்டு. 2012இல் டேவிட் ஹெர்மன் வெளியிட்ட 'கேஎம்எஸ்கான்' உரைத்திரையைப் பேங்கோ கொண்டு வரைய முனைந்தது. கட்டம் கட்டமாக வரையும் முறையை அதுவும் கைவிடவில்லை. எழுத்துகள் சேர்ந்து நிற்கவேண்டிய மொழிக்கு அது பாதி வழியே.

கரிசல் வட்டாரத்தில் லினக்ஸ்

கோவில்பட்டியில் 1984இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியற் கல்லூரி போன்ற நிறுவனங்களின் மாணவர்க்கு உரைத்திரை புதிதன்று. யூனிக்ஸ் கட்டளைகளும் இயக்குதள ஆய்வகமும் பொறியியற் பாடத்தின் பகுதிகள். பள்ளிகளின் நிலை வேறு. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் 2007ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்தைச் சூசே லினக்ஸிற்கு மாற்றியதோடு, பள்ளிகளுக்கான கணினிக் கொள்முதலிலும் லினக்ஸை வலியுறுத்தினார். உரிமக் கட்டணம் இன்மையும் தமிழில் பணிச்சூழல் அமைக்கக் கூடியமையும் அக்காலத்தில் முன்வைக்கப்பட்ட காரணங்கள். இரண்டாவது காரணம் வரைகலைத் திரைக்கு மட்டுமே பொருந்தும் என்பது எங்கும் விவாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதே 2007இல் சீ-டாக் பாஸ் லினக்ஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. ஒரு காலத்தில் ஜிஸ்ட் அட்டையைப் பரப்பிய நிறுவனமே இதனையும் வெளியிட்டது. உரைத்திரையில் இந்திய எழுத்தைக் காட்டும் தன் பழைய கலையை அது புதிய இயக்குதளத்திற்குள் கொணரவில்லை. தமிழ்க் கணிமை வரலாற்றில் தவறவிடப்பட்ட வாய்ப்புகளுள் இதனை முதன்மையானதாகக் கொள்ளலாம்.

2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் உபுண்டுவையும் தமிழ்க் கணிமையையும் அறிமுகம் செய்கிறது. பள்ளிக்கு வெளியே, 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ் கட்டளைகளைத் தமிழ்வழி கற்பித்துவருகிறது. இவற்றால் தமிழ்வழி மாணவர் உரைத்திரையைப் பற்றித் தமிழில் படிக்க இயலும். உரைத்திரையில் தமிழைப் படிக்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடையேயான தொலைவைக் கற்பித்தலின் குறையாகக் கொள்வது பொருந்தாது.

ஆய்வாளர்க்கும் இது தொலைவான செய்தியன்று. பெருந்தரவுகளைக் கையாளும் வழங்கிகள் வரைகலை இல்லாமலே இயங்குகின்றன. கரிசல் வழக்குச் சொற்களின் பட்டியல் ஒன்று ஒருங்குறிக் கோப்பாக வரைகலை இல்லாத ஒரு கணினியில் இருப்பதாகக் கொள்வோம். அதில் தேடலாம், அகரவரிசைப்படுத்தலாம், இரட்டித்தவற்றை நீக்கலாம். அக்கட்டளைகளுக்கு எழுத்தின் உருவம் வேண்டுவதில்லை, குறியே போதும். ஆகவே தமிழ் அங்கு அழியாமல் இருக்கிறது. தேடலின் விடையாகக் கிடைத்த சொற்கள் எத்தனை என்பதை உரைத்திரை எண்ணால் தெளிவாகக் காட்டும். அவை எவை என்பதைக் காட்டாது. அவற்றைப் படிக்க வேண்டுவோர் வரைகலைத் திரை கொண்ட மற்றொரு கணினியிலிருந்து வலைவழியாக அதனுள் நுழைந்து பார்க்கின்றனர். அங்கும் முனையச் சாளரத்தின் கட்டங்களுக்குள் உயிர்மெய்க் குறிகள் சில நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் விலகியும் நிற்கின்றன.